கோடை விடுமுறையில் கிராமத்துக்குப் போன பொருளாதாரப் பாடம்

புதுதில்லி: கிராமப்புறக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலையைச் சட்டப்பூர்வ உரிமையாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 டிசம்பரில் புதியதொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 125 நாள் வேலை, பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும் என்ற புதிய ஏற்பாடுகள் கொண்ட அந்த மசோதா, எதிர்க்கட்சிகளின் கடும் எதிர்ப்புக்கிடையே இரு அவைகளிலும் நிறைவேறியது. பழைய சட்டம் வெற்றியா, தோல்வியா என்று 20 ஆண்டுகளாக நாட்டில் நடந்துவந்த விவாதத்தில் இரு தரப்புக்கும் புள்ளிவிவரங்களே ஆயுதமாக இருந்தன. அவற்றுள் ஒரு பகுதி எவ்வாறு சேகரிக்கப்பட்டது என்பது அவைக் குறிப்புகளில் இடம்பெறுவதில்லை.

மே, ஜூன் மாதங்களில் வட இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கோடை விடுமுறை. அந்த விடுமுறையில் பொருளாதாரம் பயிலும் மாணவ, மாணவியர் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் ஊர் ஊராக நடந்து நிரப்பிக் கொண்டுவந்த கேள்விப் படிவங்களே அந்தப் பகுதி. அவர்களில் யாருக்கும் அதற்காக மதிப்பெண் வழங்கப்படவில்லை.

பொருளாதாரம் என்ற பாடம் எதற்காகப் படிக்கப்படுகிறது என்ற கேள்வி, தலைநகரில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவருகிறது. அமைச்சர்களையும் பிரதமரையும் நோபல் பரிசாளர்களையும் உருவாக்கிய வகுப்பறைகள் இங்கு உள்ளன. ஆயினும் அந்த வகுப்பறைகளுக்கும், அங்கு கற்பிக்கப்படும் கொள்கைகளால் வாழ்வு மாறும் மக்களுக்கும் இடையிலான பாதை, சில ஆசிரியர்களின் தனிப்பட்ட ஆர்வத்தால் மட்டுமே திறந்து வைக்கப்பட்டிருந்தது.

பலாமூவில் நடந்தது

2008-ஆம் ஆண்டு மே மாதம். ஜார்க்கண்டின் பலாமூ மாவட்டம், சத்தர்பூர் பகுதி. வறட்சிக்கும் பட்டினிச் செய்திகளுக்கும் பெயர்போன மாவட்டம் அது. வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடந்த பணிகளைச் சமூகத் தணிக்கை செய்வதற்காக மாணவத் தொண்டர்கள் அடங்கிய குழு அங்கு சென்றிருந்தது. குழுவுக்கு வழிகாட்டியவர் பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ். பெல்ஜியத்தில் பிறந்து, தில்லியில் ஆய்வுப் பட்டம் பெற்று, 2002-இல் இந்தியக் குடியுரிமை ஏற்றவர். தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஆசிரியராக இருந்தவர். அச்சட்டத்தின் முன்வரைவில் பங்காற்றியவரும் அவரே.

அக்குழுவுக்கு உள்ளூரில் துணை நின்றவர்களுள் ஒருவர் லலித் மேத்தா. பொறியியல் படித்துவிட்டு அம்மாவட்டத்திலேயே சமூகப் பணியில் ஈடுபட்டிருந்த இளைஞர். மே 14-ஆம் தேதி, டால்டன்கஞ்சிலிருந்து சத்தர்பூருக்கு மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது அவர் கொலை செய்யப்பட்டார். தணிக்கைக்கும் இக்கொலைக்கும் உள்ள தொடர்பு குறித்துக் கடுமையான கேள்விகள் எழுந்தன. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கை தில்லி வரை எட்டியது.

தணிக்கை கைவிடப்படவில்லை. அந்த மாத இறுதியில் சத்தர்பூரில் மக்கள் முன்னிலையில் பொது விசாரணை நடைபெற்றது. ஏடுகளில் எழுதப்பட்டிருந்த பெயர்களும் நாள்களும் தொகைகளும் உரக்கப் படிக்கப்பட்டன. பொருளாதாரப் பாடநூலில் "கசிவு" என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படும் விஷயத்துக்கு உண்மையில் என்ன விலை என்பதை, அந்த மாணவர்கள் வேறெந்த வகுப்பிலும் கற்றிருக்க இயலாது.

ஏடும் எதார்த்தமும்

இத்தகைய ஆய்வு நடக்கும் முறை எளிமையானது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. முதலில் ஆய்வுக்குரிய ஊர்களும் பணித்தலங்களும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படும். ஒன்றிய அலுவலகத்திலோ ஊராட்சியிலோ மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டின் நகலைப் பெற வேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்த பிறகே இது ஓரளவேனும் சாத்தியமாயிற்று. பிறகு அந்த நகலுடன் வீடு வீடாகச் சென்று, "இந்தப் பெயருக்குரியவர் இந்த வீட்டில் இருக்கிறாரா, இத்தனை நாள் வேலை செய்தாரா, இவ்வளவு கூலி கையில் கிடைத்ததா" என்று கேட்க வேண்டும். தொழிலாளியிடம் உள்ள வேலை அட்டையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்பிட வேண்டும்.

மூன்று கணக்குகளும் ஒத்துப்போனால் அந்த ஊரில் திட்டம் நன்றாக நடக்கிறது. ஆனால் பல ஊர்களில் மூன்றும் மூன்று கதைகளைச் சொல்லின. வேலை அட்டை தொழிலாளியிடம் இராது. ஒப்பந்ததாரரின் பையில் இருக்கும். பதிவேட்டில் 30 நாள் என்றிருக்கும். செய்தது 10 நாளாக இருக்கும். ஊரைவிட்டுச் சென்றவர்களும் இறந்தவர்களும்கூடப் பதிவேட்டில் மண் சுமந்துகொண்டிருப்பார்கள்.

2008-ஆம் ஆண்டுக் கோடையில், அலகாபாத்தின் கோவிந்த வல்லப பந்த் சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பிகார், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஆறு மாநிலங்களில், பத்து மாவட்டங்களில் இத்தகைய ஆய்வு நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளர்களிடம் மாணவர்கள் பேசினர். சட்டம் ஒப்பந்ததாரர்களுக்குத் தடை விதித்திருந்தும் கணிசமான பணித்தலங்களில் அவர்களே கோலோச்சியதை ஆய்வு பதிவு செய்தது. தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தரப்பட வேண்டிய காப்பக வசதி பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. அதே ஆய்வு, ஒப்பந்ததாரர்கள் இல்லாத ஊர்களில் திட்டம் மக்களின் வாழ்வில் ஏற்படுத்திய நல்ல மாற்றங்களையும் மறைக்கவில்லை. ஆதரவாளர்கள் நடத்திய ஆய்வு, தாங்கள் ஆதரித்த திட்டத்தின் குறைகளையே முதலில் பட்டியலிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

கூலியை ரொக்கமாகத் தராமல் வங்கி, அஞ்சலகக் கணக்குகள் வாயிலாகவே தர வேண்டும் என்ற முடிவை மத்திய அரசு 2008-இல் வலியுறுத்தத் தொடங்கியது. கூலியைத் தருபவரும் வேலையைக் கணக்கிடுபவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை. இடைத்தரகரின் கை ஓரளவு கட்டுண்டது. ஆனால் கூலி வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் தாமதமாகும் புதிய நோய் பிறந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆய்வுக்குச் சென்ற மாணவர்களின் படிவத்தில் "கூலி கிடைக்க எத்தனை நாளாயிற்று" என்ற கேள்வி முதன்மை பெற்றது.

பேராசிரியர்கள் இரு பக்கமும்

2004-இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசின் தேசிய ஆலோசனைக் குழுவில் திரேஸ் உறுப்பினராக இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிமுகமான வேலை உறுதி மசோதா, ஆலோசனைக் குழு கேட்ட வடிவில் இல்லை. வறியோர் எனப் பட்டியலிடப்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமே வேலை, எந்தப் பகுதியிலும் எப்போது வேண்டுமானாலும் திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அரசுக்கு என்று அதில் பல வாசல்கள் அகலத் திறந்திருந்தன. கல்யாண் சிங் தலைமையிலான ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 2005 கோடையில் மாணவர்களும் தொழிலாளர் அமைப்பினரும் பத்து மாநிலங்கள் வழியாகப் பேருந்துப் பயணம் மேற்கொண்டு மசோதாவைப் பற்றிய கூட்டங்களை நடத்தினர். 2005 ஆகஸ்ட் 23-இல் மக்களவையில் நிறைவேறிய சட்டம், கிராமப்புறக் குடும்பங்கள் அனைத்துக்கும் உரியதாக இருந்தது. சமூகத் தணிக்கையும் கிராம சபையின் கடமையாகச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் இடம்பெற்றது. 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்து, 2008 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்கும் விரிந்தது.

அப்போது பிரதமராக இருந்த மன்மோகன் சிங்கும் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் முன்னாள் பேராசிரியர்தாம். 1969 முதல் 1971 வரை அங்கு பன்னாட்டு வணிகம் கற்பித்துவிட்டு, வர்த்தக அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகராகச் சென்றவர். அரசின் கஜானாவைக் காப்பவரும், கஜானாவின் கதவைத் தட்டுபவரும் ஒரே நிறுவனத்தின் ஆசிரியர் பட்டியலில் இடம்பெற்றவர்கள். இவ்விரு பக்கங்களுக்கும் இடையிலான இழுபறியில்தான் அந்த ஆண்டுகளின் சமூகநலச் சட்டங்கள் பலவும் உருவாயின. 2010-இல் உணவுப் பாதுகாப்பு குறித்து ஆலோசனைக் குழு எடுத்த முடிவு போதாது என்று திரேஸ் மறுப்புக் குறிப்பு எழுதியதும் இதன் தொடர்ச்சியே.

காஞ்சிபுரத்தில் பிறந்தவரின் கனவு

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் அமைந்துள்ள இந்த நிறுவனத்தை 1949-இல் தொடங்கியவர் வி.கே.ஆர்.வி. ராவ். காஞ்சிபுரத்தில் 1908-இல் பிறந்தவர் அவர். பிரிட்டிஷ் இந்தியாவின் தேசிய வருமானம் எவ்வளவு என்று கணக்கிட்டு, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு நாட்டின் வருமானத்தைக் கணக்கிடுவது அந்நாளில் வெறும் கல்விப் பணியன்று. அடிமைப்பட்ட நாடு எவ்வளவு ஏழையாக இருக்கிறது என்பதை மெய்ப்பிக்கும் அரசியல் பணி. பின்னாளில் பெல்லாரியிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி, இந்திரா காந்தி அமைச்சரவையில் போக்குவரத்து, கல்வித் துறைகளின் பொறுப்பையும் வகித்தார்.

அவருக்குத் துணையாக வந்த கே.என். ராஜ், முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவில் பங்காற்றிய இளைஞர். அமர்த்தியா சென் 1963 முதல் 1971 வரை இங்கு கற்பித்தார். சுகமய் சக்கரவர்த்தி திட்டக் குழுவுக்கும் வகுப்பறைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். காலையில் பாடம், மாலையில் யோஜனா பவன் என்ற காலம் அது. மாணவர்களுக்கும் கொள்கை என்பது தொலைவில் உள்ள பொருளாக இருக்கவில்லை.

தில்லியின் மற்றொரு மரபு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். கிருஷ்ணா பரத்வாஜ் 1973-இல் அங்கு பொருளாதார ஆய்வு மற்றும் திட்டமிடல் மையத்தை உருவாக்கினார். பெயரிலேயே திட்டமிடலைத் தாங்கிய அம்மையத்தில் வரலாறும் அரசியலும் பொருளாதாரத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி இங்கு 1983-இல் முதுநிலைப் பட்டம் பெற்றவர். மாணவர் போராட்டமொன்றுக்காகத் திகார் சிறையில் சில நாள் இருந்ததும் அப்போதுதான். அதே 2019-இல் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற, மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமனும் இதே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றவர். ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து இருவரும் அடைந்த முடிவுகள் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை காட்டிய முன்மாதிரி

மாணவர்களைக் கேள்விப் படிவத்துடன் கிராமத்துக்கு அனுப்பும் வழக்கத்தின் வேர் தில்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியப் பொருளாதாரம் கற்பிக்க இயலாது என்று கண்டார். 1916-இல் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது நிரப்பி வருமாறு பணித்தார். நிலம் யாரிடம், கடன் யாரிடம், கூலி எவ்வளவு, கிணறு எத்தனை என்பன போன்ற கேள்விகள். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, நெல்லையின் கங்கைகொண்டான், அந்நாள் ராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலைபுரம், தஞ்சையின் பாலக்குறிச்சி ஆகிய ஊர்களின் கணக்குகள் 1918-இல் நூலாயின.

அந்த ஊர்களுக்கு 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மீண்டும் ஆய்வாளர்களை அனுப்பினர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் மீண்டும் சென்றார். இந்த நூற்றாண்டிலும் அந்த ஊர்கள் ஆய்வு செய்யப்பட்டன. இருவேல்பட்டு எவ்வாறு மாறியது என்பதை ஏறத்தாழ நூறாண்டுக்கு யாராலும் சொல்ல முடிகிறது என்றால், அது கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போன ஒரு மாணவரின் குறிப்பேட்டிலிருந்து தொடங்கியதே.

வடக்கில் அதற்கு இணையானது பாலன்பூர். உத்தரப் பிரதேசத்தின் மொரதாபாத் மாவட்டத்தில் உள்ள இச்சிற்றூரைத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளாதார ஆய்வு மையம் 1957-58-இல் முதலில் ஆராய்ந்தது. நிக்கோலஸ் ஸ்டெர்ன் 1974-75-இல் வந்தார். 1983-84-இல் திரேஸ் அங்கேயே தங்கினார். அதன் பின்னரும் இருமுறை ஊர் முழுவதும் கணக்கெடுக்கப்பட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக் கதவும் தட்டப்படும் இந்த ஊரிலிருந்துதான், வேளாண்மையை விட்டு மக்கள் அருகிலுள்ள நகரங்களின் தினக்கூலிக்கு நகர்ந்த கதை வீட்டுவாரியாக வெளிவந்தது. தேசிய சராசரிகளில் அது இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

கரும்பலகை நிலவரம்

இவ்வளவு மரபு இருந்தும், தலைநகரின் முதுநிலைப் பொருளாதார வகுப்பில் இன்று சேரும் மாணவர் முதலில் எதிர்கொள்வது கணிதத்தை. நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், கணித முறைகள், புள்ளியியல், பொருளாதார அளவையியல் ஆகியவை அடித்தளப் பாடங்கள். இவற்றை வீண் என்று ஒதுக்குவது அறியாமை. ஆயிரம் பேரிடம் கேட்டு நூறு கோடிப் பேரைப் பற்றிப் பேசுவது எப்போது முறை, எப்போது மோசடி என்பதைச் சொல்லித் தருவதே புள்ளியியல்தான். குறை அங்கில்லை. கிராமத்தில் ஒரு மாதம் செலவழிப்பது எந்த மாணவருக்கும் கட்டாயமில்லை. செலவழித்தவருக்கும் பட்டச் சான்றிதழில் அதற்கு இடமில்லை. ரேஷன் அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்காமலேயே மானியத்தின் விளைவுகள் குறித்துச் சமன்பாடு எழுதி முதல் வகுப்பில் தேறிவிட முடியும்.

இக்குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2000-இல் பாரிஸ் மாணவர்கள், தாங்கள் படிக்கும் பொருளாதாரம் உலகத்தோடு தொடர்பற்றதாக இருக்கிறது என்று மனு எழுதினர். நிதி நெருக்கடிக்குப் பின் 2011-இல் ஹார்வர்டில் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளிநடப்புச் செய்தனர்.

1999-இல் வெளியான அடிப்படைக் கல்வி குறித்த பொது அறிக்கையும் இந்தப் பின்னணியில் நினைவுகூரத்தக்கது. தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுடன் இணைந்த ஆய்வாளர்கள் வட மாநிலக் கிராமங்களில் நடத்திய கள ஆய்வின் விளைவு அது. ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்றபோது ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் எந்தக் கற்பித்தலும் நடக்கவில்லை. ஏழைப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று அதுகாறும் அதிகாரிகள் சொல்லிவந்தனர். மகன்களுக்குக் கல்வி முக்கியம் என்றவர்கள் 98 சதவீதம், மகள்களுக்கு என்றவர்கள் 89 சதவீதம் என்று ஆய்வு காட்டியதும் அந்தச் சாக்கு எடுபடவில்லை. கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2002-இல் வந்தது. அதற்கு இந்த அறிக்கை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. ஆனால் அதைப் படிக்காமல் அந்த விவாதத்தில் எவரும் பேச முடியவில்லை.

அரிசியா, ரொக்கமா?

2011-இல் தில்லியின் கொள்கை வட்டாரங்களில் சூடாகப் பேசப்பட்ட பொருள், ரேஷன் கடைகளை மூடிவிட்டு மக்களுக்குப் பணமாகக் கொடுத்துவிடலாமா என்பது. விவாதித்தவர்களில் பெரும்பாலோர் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களல்லர். அந்தக் கோடையில் தமிழகம், ஆந்திரம், பிகார், சத்தீஸ்கர் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் கிராமங்களில் 1,200-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் மாணவர்கள் நேரில் கேட்டனர். திரேஸும், தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் முன்னாள் மாணவியும் பின்னர் தில்லி ஐஐடி பேராசிரியராக ஆனவருமான ரீத்திகா கேராவும் அதை ஒருங்கிணைத்தனர்.

மூன்றில் இரண்டு பங்கினர் தானியமே வேண்டும் என்றனர். காரணங்கள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. வங்கி தொலைவில் இருக்கிறது, சந்தை அதைவிடத் தொலைவில் இருக்கிறது, விலை ஏறினால் பணம் அப்படியே ஏறுமா, கைக்குப் பணம் வந்தால் வேறு வழியில் போய்விடும் என்று அவரவர் கணக்கை அவரவர் சொன்னார்கள். ஆனால் ரேஷன் கடை சரியாக இயங்காத பிகாரில் ரொக்கத்தை விரும்பியவர்களே அதிகம். கிடைக்காத அரிசியை விடக் கிடைக்கக்கூடிய பணம் மேல் என்பது அவர்களின் தீர்ப்பு. தமிழகத்தில், அனைவருக்கும் பொதுவான விநியோகம் நடைமுறையில் உள்ளதால், உரிய அளவு ஏறத்தாழ முழுமையாகவே குடும்பங்களுக்குக் கிடைத்து வந்தது. வட மாநிலங்களிலிருந்து வந்த மாணவர்களுக்கு இது புதுமை. தமிழக வாசகர்களுக்கு அன்றாடம்.

2013 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, கிராமங்களில் 75 சதவீதத்தினருக்கும் நகரங்களில் 50 சதவீதத்தினருக்கும் தானியம் என்றே அமைந்தது. ரொக்கத்துக்கான வழியும் சட்டத்தில் விடப்பட்டது.

இத்தகைய ஆய்வுகளின் மீது எதிர்வாதம் இல்லாமலில்லை. சட்டத்தை எழுதக் கேட்டவர்களே அதன் விளைவை அளக்கலாமா, மாணவத் தொண்டர்களின் ஆர்வம் பதில்களைச் சாய்த்துவிடாதா என்ற கேள்விகள் நியாயமானவை. ஜகதீஷ் பகவதியும் அரவிந்த் பனகாரியாவும், வளர்ச்சி விகிதமே வறுமையைக் குறைத்தது, அதைக் கவனிக்காமல் மறுபங்கீட்டை மட்டும் பேசுவது பிழை என்று 2013-இல் கடுமையாக வாதிட்டனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ போன்றோர், ஒரு திட்டத்தைச் சில ஊர்களில் செயல்படுத்தி, சில ஊர்களில் செயல்படுத்தாமல் விட்டு ஒப்பிடும் சோதனை முறையே நம்பகமானது என்றனர். 2021-இல் தமிழக அரசு அமைத்த முதல்வரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் டுஃப்ளோவும் திரேஸும் ஒருசேர இடம்பெற்றது சுவையான நிகழ்வு. முறைகளில் சண்டையிட்டாலும், நேரில் சென்று கேட்காமல் முடிவு கட்டக் கூடாது என்பதில் இரு சாராருக்கும் பிணக்கு இல்லை.

கேட்பதற்கு ஆள் வேண்டும்

நாடாளுமன்றத்துக்குள்ளும் இதன் தேவை உண்டு. பெரும்பாலான எம்.பி.க்களுக்கு ஆராய்ச்சி உதவியாளர் என்று ஒருவர் இருப்பதில்லை. பட்ஜெட் கூட்டத்தொடரில் மானியக் கோரிக்கைகள் பலவும் விவாதமின்றியே, "கில்லட்டின்" முறையில் ஒரே மாலையில் நிறைவேறிவிடுகின்றன. பட்டதாரி இளைஞர்களை எம்.பி.க்களிடம் ஓராண்டு ஆய்வு உதவியாளர்களாக அமர்த்தும் திட்டத்தை பி.ஆர்.எஸ். என்ற சட்டமன்ற ஆய்வு அமைப்பு 2010 முதல் நடத்திவருகிறது. பொருளாதாரம் படித்தோரும் அதில் கணிசமாகச் சேருகின்றனர். அரசுக்குள் செல்ல விரும்புவோருக்கு 1961-இல் அமைந்த இந்தியப் பொருளாதாரப் பணி இருக்கிறது. ஆனால் அதற்கு ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் இடங்கள் மிகச் சிலவே. மற்றவர்களை ஆலோசனை நிறுவனங்களும் வங்கிகளும் வெளிநாட்டு ஆய்வுப் பட்டங்களும் அழைத்துக்கொள்கின்றன. இதில் மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

மாணவர்கள் எத்தனை ஊர் சுற்றினாலும் அவர்களின் ஆயிரம் படிவங்கள், அரசின் பெருங்கணக்கோடு சேர்த்துப் படிக்கப்பட்டால்தான் பொருள் தரும். அந்தப் பெருங்கணக்கே தடைபட்டது சென்ற பத்தாண்டின் கதை. வேலையின்மை 6.1 சதவீதம் என்று கண்ட 2017-18 ஆய்வறிக்கை உரிய காலத்தில் வெளியிடப்படவில்லை என்ற மனக்குறையுடன், 2019 ஜனவரியில் தேசிய புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் பதவி விலகினர். ஒருவர் பி.சி. மோகனன், மற்றவர் ஜே.வி. மீனாட்சி, தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் பேராசிரியை. மக்களவைத் தேர்தல் முடிந்து, மே மாத இறுதியில்தான் அந்த அறிக்கை அதிகாரப்பூர்வமாக வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18-ஆம் ஆண்டுக் குடும்பச் செலவின ஆய்வு தரக்குறைவானது என்று கூறி, அதை வெளியிடுவதில்லை என்று அரசு முடிவெடுத்தது. வெளியிடுமாறு 200-க்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் விடுத்த வேண்டுகோள் பயனளிக்கவில்லை. அடுத்த செலவினக் கணக்கின் முதல் விவரம் 2024 பிப்ரவரியில் வந்தது. 2011-12-க்குப் பிறகு 11 ஆண்டுகள் நாடு எவ்வளவு உண்கிறது, உடுக்கிறது என்ற அதிகாரப்பூர்வக் கணக்கின்றியே பட்ஜெட்டுகள் போடப்பட்டன.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு ரேஷன் அரிசி என்பது 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்தே, சுமார் 81 கோடி என்று நிர்ணயிக்கப்பட்டது. அதன் பின் பிறந்தவர்களும் புதிதாகக் குடும்பம் அமைத்தவர்களும் அந்த எண்ணிக்கைக்குள் இல்லை. இவ்வாறு விடுபட்டோர் 10 கோடிக்கும் மேல் என்று 2020-இல் திரேஸ், கேரா உள்ளிட்டோர் மதிப்பிட்டனர். கணக்கெடுப்புக்கான அறிவிக்கையை மத்திய அரசு 2025 ஜூன் மாதம் வெளியிட்டது. அதன்படி நாட்டின் பெரும்பகுதிக்குக் கணக்கீட்டு நாள் 2027 மார்ச் 1.